ஏரிக்கு ஒரு கரை போதும்

கேள்வி: எங்கள் புறநகரில் சுமார் 60 ஏக்கரில் பழைய பாசன ஏரி இருக்கிறது. அதன் தண்ணீர் பாய்ந்த வயல்கள், அதாவது ஆயக்கட்டு, முழுவதும் வீட்டுமனையாகி இருபது வருடம் ஆயிற்று. ஏரியையும் அதை ஒட்டிய புறம்போக்கையும் சேர்த்து நகராட்சி பெரிய பூங்கா ஆக்கப் போகிறது. ஆலோசகர் காட்டிய படத்தில் ஏரியைச் சுற்றி நடைபாதை, நடுவில் தீவு, இசை நீரூற்று, 10,000 மரக்கன்றுகள் எல்லாம் உண்டு. சங்கத்தில் பாதிப் பேருக்கு வாக்கிங் பாதை வேண்டும், பாதிப் பேருக்குப் பறவைகள் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சாத்தியமா? ஈரநிலச் சட்டம் துணைக்கு வருமா? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்? பூங்காவுக்கு நாயைக் கூட்டி வரலாமா?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒருவர், சென்னைப் புறநகர்

பதில்: சாத்தியம்தான். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சாத்தியமில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஏரிக்குப் போய், அதற்கு எத்தனை பக்கம் கரை இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் ஏரிகளுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கரை. பள்ளமான பக்கத்தில் வில்லாக வளைத்துக் கரை போட்டு, மதகும், மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலங்கலும் வைத்து, மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே வரும். அங்கே தரை சாய்வதே கண்ணுக்குத் தெரியாது. தை, மாசியில் தண்ணீர் வற்ற வற்ற அந்த ஓரத்தில் சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியும். உள்ளானும் நாரையும் அரிவாள் மூக்கனும் இரை தேடுவது அந்தச் சேற்றில்தான். கணுக்கால் ஆழத்தைத் தாண்டினால் உள்ளானுக்கு அது ஏரி இல்லை, கடல்.

ஏரியைச் சுற்றி நடைபாதை போட வேண்டுமென்றால், இந்தத் திறந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தித்தான் ஆக வேண்டும். அதோடு ஏரி தொட்டியாகிவிடும். பெங்களூரில் இப்படி ஆன ஏரிகளை ‘சூப் கிண்ணம்’ என்றே கேலி செய்கிறார்கள். பறவைக்கு நிற்க இடம் போகும். உள்ளே வர வேண்டிய வெள்ளம் புதுக்கரைக்கு வெளியே, அதாவது உங்கள் தெருவில், நிற்கும். 2015 டிசம்பரைப் புறநகர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே மனிதருக்கு ஒரு கரை, மற்ற பக்கம் பறவைக்கு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. வேடந்தாங்கல் உங்கள் ஏரியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, சுமார் 30 ஹெக்டேர். அதுவும் பாசன ஏரிதான். பார்க்க வருகிறவர்கள் கரைமேல் நடக்கிறார்கள். பறவைகள் ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. நடுவில் தண்ணீரே வேலி. 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம், பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் எழுத்தில் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

‘போன வழியே திரும்பி வருவதா?’ என்று நடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வட்டமாக நடந்தால்தான் அவர்களுக்கு நடந்த மாதிரி. சரி, போவது கரைமேல், வருவது கரைக்கு வெளிப்புற அடியில். உங்கள் கரை 900 மீட்டர் இருந்தால் இரண்டு சுற்றில் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். சர்க்கரைக்கு அது போதும். கரைமேல் சிமென்ட் பிளாக் வேண்டாம், கெட்டித்த செம்மண் போதும். ஆலமரம், அரசமரம் வைக்காதீர்கள், வேர் கரையைப் பிளக்கும். பனை வையுங்கள். விளையாட்டுத் திடல், உடற்பயிற்சிக் கருவி, கழிப்பறை, பார்க்கிங் எல்லாம் சாலை ஓரப் புறம்போக்கில் ஒரே மூலையில் இருக்கட்டும். ஆங்காங்கே ஒன்று என்று சிதறவிட்டால், பறவைக்கு ஒதுக்க ஒரு துண்டு நிலமும் மிஞ்சாது. டெல்லியில் 457 ஏக்கர் யமுனா பல்லுயிர்ப் பூங்காவை, பார்வையாளர் பகுதி, இயற்கைக் காப்புப் பகுதி என்று இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சுலபமானதை ஏன் யாரும் வரைந்து தருவதில்லை? பணக் கணக்கைப் பாருங்கள். ஆலோசகரின் கட்டணம் பெரும்பாலும் திட்ட மதிப்பில் இத்தனை சதவீதம் என்றுதான் இருக்கும். சும்மா விடப்படும் நிலத்துக்குத் திட்ட மதிப்பு பூஜ்யம், அதில் சதவீதமும் பூஜ்யம். கான்கிரீட் கூடக் கூட அவருக்கு வரும்படி. ஒரு முறை நான் போட்ட வரைபடத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கோடு போட்டுப் பிரித்து, ‘இங்கே எதுவும் செய்ய வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். பொறியாளர் நல்ல மனிதர், உண்மையாகவே குழம்பிப்போனார். “இதுக்கு எஸ்டிமேட் எங்க சார்?” என்றார். எஸ்டிமேட் இல்லாத இடம் கோப்பில் இல்லாத இடம். அடுத்த வருடம் வேறொருவர் அந்த வெற்றிடத்தில் உணவுக்கூடம் வரைந்து கொடுத்தார், அதற்கு எஸ்டிமேட் இருந்தது.

ஆலோசகர்களுக்கு சிங்கப்பூர்ப் படம் காட்டுவதில் ஓர் ஆசை. பிஷான் – அங் மோ கியோ பூங்காவைக் காட்டினால் கை தட்டிவிட்டு ஒன்று கேளுங்கள்: அங்கே செய்தது கான்கிரீட் போடுவதா, உடைப்பதா? 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயை உடைத்து, 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். 2012இல் அது திறக்கப்பட்டது. வெள்ளம் வந்தால் தண்ணீர் புல்வெளியில் ஏறும், மனிதர்கள் மேட்டுக்குப் போய்விடுவார்கள். படம் காட்டுபவர் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

அடுத்த பொறி தூர்வாருதல். வரத்துக் கால்வாயிலும் மதகடியிலும் தூர் எடுக்கட்டும், அது தேவை. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டுகிறோம் என்றால் உஷாராகுங்கள். அது பெரும்பாலும் மண் வியாபாரம். எத்தனை லோடு வெளியே போனது, எந்த மனையில் கொட்டியது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. உங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நோட்டும் பேனாவுமாகக் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே பாதி லாரி குறையும். போன மண்போக மிச்சத்தை நடுவில் குவித்தால் அதற்குப் பெயர் தீவு. தீவு பறவைக்கு நல்லதுதான், பாலமும் செல்ஃபி மேடையும் இல்லாவிட்டால்.

அப்புறம் அந்த 10,000 மரக்கன்று. மரம் நடுவதை எதிர்த்துப் பேசினால் கூட்டத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. ஏரியின் மேட்டுப் பக்கத்துப் பொட்டலுக்குச் சித்திரை மாதம் போங்கள். ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். நீங்கள் விலக விலகக் கத்தல் அடங்கும், நெருங்க நெருங்க ஏறும். அப்படியே நின்று காலடியைப் பாருங்கள். குழி என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு பள்ளம், சுற்றிலும் நாலு கூழாங்கல், நடுவில் கல்லைப் போலவே புள்ளி விழுந்த நாலு முட்டை. கண் எதிரே இருந்தும் தெரியாது. ‘காலியிடம்’ என்று வரைபடத்தில் பச்சை அடித்திருப்பது அந்த இடத்தைத்தான். ஜேசிபி ஒரு காலையில் சமன் செய்துவிடும். மியாவாக்கி முறையில் நெருக்கி நட்டால் ஒப்பந்ததாரருக்குக் கன்று எண்ணிக்கை கூடும், பில் கூடும். ஏற்கெனவே உயிரோடு இருக்கும் பொட்டலுக்கு அந்த வைத்தியம் தேவையில்லை. கோனோகார்பஸ் என்ற அந்நிய மரத்தின் கன்று வந்து இறங்கினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். குஜராத் அரசு 2023இலேயே அதை நடத் தடை போட்டது.

எதையும் வெட்டாதே என்று சொல்கிறேனா? இல்லை, சீமைக் கருவேலத்தை வெட்டத்தான் வேண்டும். இதில் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். தண்ணீருக்குள் நிற்கும் சீமைக் கருவேலத்தில் கொக்கோ நீர்க்காகமோ கூடு கட்டியிருந்தால், அந்த மரம் அந்நிய மரமானாலும் இப்போதைக்கு அதுதான் வீடு. வேறு மரம் இல்லாத ஏரியில் அதை ஒரே மாதத்தில் பிடுங்கினால் பறவைகள் காலி செய்துவிட்டுப் போய்விடும், திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எனவே வரிசை முக்கியம். முதல் வருடம் பொட்டலில் உள்ளதை, அதுவும் ஆள்காட்டி முட்டையிடும் காலம் முடிந்த பிறகு, எடுங்கள். அடிமரத்தோடு நிறுத்தினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். அதே வருடம் தண்ணீர் ஓரத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நடுங்கள். அவை கூடு தாங்கும் அளவுக்கு வளரப் பல வருடம் ஆகும். அதுவரை கூட்டு மரங்களைத் தொடாதீர்கள். பிறகும் குஞ்சுகள் பறந்து போன கோடையில், வருடத்துக்குக் கொஞ்சமாக எடுங்கள். ஒப்பந்ததாரர் ஒரேயடியாக முடிக்கத்தான் துடிப்பார். விறகுக்கும் கரிக்கும் விலை இருக்கிறது. வெட்டுக்கூலியும் வாங்கி விறகையும் கொண்டு போகிற ஏற்பாடா, ஏலமா என்று முதலிலேயே கேளுங்கள்.

இசை நீரூற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. நாம் வாரக் கடைசியில் ஸ்பீக்கர் வைக்காமல் இருக்கலாம். விளக்கு கரை ஓரம் மட்டும், முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்து, மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு அணையட்டும். அதைவிட முக்கியம், மழைநீர்க் கால்வாயில் எந்தெந்தத் தெருவின் கழிவுநீர் கலந்து ஏரிக்கு வருகிறது என்று கேட்பது. அதை நிறுத்தாமல் நீரூற்று வைத்தால் சாக்கடையைத்தான் முகத்தில் தெளித்துக்கொள்வோம்.

ஈரநிலச் சட்டத்தை நம்பி உட்காராதீர்கள். 2017ஆம் ஆண்டு விதிகள், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. ஆயக்கட்டு வீடாகிவிட்டாலும் பிறவி மாறாது என்று அதிகாரி சொல்வார். ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 கையில் இருக்கிறது. அதற்கு எல்லை வேண்டும். எல்லைக்கு வருவாய்த்துறை அளக்க வேண்டும், ஏரி நீர்வளத்துறையுடையது, பூங்கா நகராட்சியுடையது, பறவை வனத்துறையுடையது. நாலு துறையையும் ஒரே நாளில் ஒரே கரையில் நிற்க வைத்த அதிகாரியை என் அனுபவத்தில் ஒருவரைத்தான் பார்த்தேன், அவரையும் அடுத்த மாதம் மாற்றிவிட்டார்கள்.

எனவே கூட்டத்துக்கு மூன்று தாள் கொண்டு போங்கள். முழுக் கொள்ளளவு மட்டத்தை, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் எட்டும் எல்லையை, குறித்த நில அளவைப் படம் ஒன்று. தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய திட்ட அறிக்கையும், ஆலோசகர் கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற பக்கமும். மூன்றாவது, இன்றிலிருந்து வாராவாரம் காலை ஆறரைக்கு ஏரியில் என்ன பறவை, எத்தனை, எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதிய பட்டியல். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: முழு மட்டத்துக்கு உள்ளே மேட்டுப் பக்கத்தில் ஒரு கூடை மண்கூட விழாது என்று தீர்மானத்தில் எழுதித் தாருங்கள். கரைமேல் பெஞ்ச் எத்தனை என்பதைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

கடிதத்தின் கடைசியில் நாயைக் கூட்டி வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கயிற்றோடு, கரைமேல் மட்டும். பொட்டல் பக்கம் கூடாது, சித்திரையில் கூடவே கூடாது.