மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்ததும் நரம்புத் தடை ஊசி போட்டால் வலியே இருக்காதா?

இருக்கும். வலியைக் கொண்டுபோகும் நரம்பைக் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும் ஊசிதான் அது. முதல் நாள் மட்டும் வலி அவ்வளவாகத் தெரியாது. உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தேதி குறித்துவிட்டு, "தனியாக ஒரு ஊசி இருக்கு, போடலாமா?" என்று கேட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். டாக்டர் சரி என்றால் போடச் சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பாம்பன். அம்மாவுக்கு மதுரையில் முட்டி மாற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். முடிந்ததும் மயக்க மருந்து டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே தொடையின் உள்பக்கம் இன்னொரு ஊசி போட்டார். முன்பு இடுப்பு மடிப்பில் போடுவார்களாம். அதில் தொடைத் தசையும் சோர்ந்துபோய், எழுந்து நின்றால் முட்டி மடங்கிவிடும். தொடை நடுவில் போட்டால் தசைப் பலம் பெரும்பாலும் குறையாமல் இருக்கிறது. இருந்தாலும் தனியாக எழவிடாதீர்கள், வாக்கரும் ஆளும் வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா, "காலைக் கழட்டி எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் போன் போட்டு "வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பேசிக்கொண்டிருந்தார். வினை அங்கேதான். நர்ஸ் கொடுத்த மாத்திரையை "வலிக்காத காலுக்கு எதுக்கு?" என்று தள்ளிவிட்டார். ஒருமுறை போடும் ஊசி சுமார் 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். விடியற்காலையில் மரப்பு விட்டதும் வலி மொத்தமாக வந்து இறங்கியது. கடலில் திருக்கை முள் குத்தியபோதுகூட அழாதவர் அழுதார். மரப்பு இருக்கும்போதே மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும், வலி வந்தபின் அதைப் பிடிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும்.

முட்டிக்குப் பின்பக்கம் வலித்தால் ஊசி வேலை செய்யவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் பக்கத்துக்கு வேறு நரம்பு, அதற்கு வேறு ஊசி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

"நரம்பு செத்துப்போகும், காசு பிடுங்கும் வேலை" என்று இங்கேயும் சிலர் எழுதுவார்கள், எங்கள் தெருவிலும் சொன்னார்கள். பாதிப்பு வரவே வராது என்று நான் சொல்லவில்லை. அரிது என்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கடல்பாசி எடுத்தவர் என் அம்மா. விரலில் துணி சுற்றி, பாறையைப் பிடித்து முங்கி, ஈர மூட்டையைக் கரை வரை சுமந்து தேய்ந்த முட்டி அது. சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று போட்டிருந்தார்கள். மாற்றச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பாசி எடுப்பவர் என்று ஒன்று இல்லையாம்.