மாடில ஒரு கேலரி

அண்ணே வணக்கம். நாங்க நாலு பேரு கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில ஒண்ணா படிச்சோம். சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி வாடகைக்கு வருது, எங்க படம், மத்தவங்க படம் எல்லாம் மாட்டி கேலரி நடத்தலாம்னு இருக்கோம். மதுரைல எவன்டா காசு குடுத்து படம் வாங்குவான், ஆறு மாசத்துல சாத்திருவீங்கன்னு வீட்ல சொல்றாங்க. என்ன செய்யலாம்ணே?
- செல்லூர் வாசகர்

தம்பி,

வீட்ல சொல்றது பாதி சரி. படம் வித்து வாடகை கட்டலாம்னு கணக்கு போட்டா சாத்த வேண்டியதுதான், சென்னைலயும் அதே கதைதான். 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோட சேந்து சோழமண்டலம்ங்கற ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சவங்க பாத்திக் துணி (மெழுகு தடவி சாயம் ஏத்துறது), கைவினைப் பொருள்னு செஞ்சு வித்த காசுலதான் ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கி குடிசை போட்டாங்க, வயித்துக்கு அது, படம் அது பாட்டுக்கு தனியா. அவங்களுக்கே இல்லாத கௌரவம் நமக்கு என்னத்துக்கு?

உங்களுக்கு அந்த பாத்திக் எதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா ஃப்ரேம் போடுற வேலை. சாமி படம் மாட்டாத வீடு நம்மூர்ல ஏது, ஃப்ரேம் வாங்க வர்றவரு செவுத்துல இருக்கறதயும் ஒரு பார்வை பாத்துட்டுத்தான போவாரு. ஞாயித்துக்கெழம பிள்ளைகளுக்கு டிராயிங் கிளாஸ் வைங்க, அம்மா அப்பா கூட்டிட்டு வந்து உக்காருவாங்க.

பகல்ல தொறக்காதீங்க, இந்த வெயில்ல மாடி ஏறி எவனும் வரமாட்டான், சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒம்போது போதும். யாரு என்னைக்கு உக்காரணும்னு இப்பவே பேசிக்கங்க, வாடகைய விட இந்த சண்டைலதான் நெறைய இடம் மூடுது. கீழ வாசல்ல 'சும்மா பாக்கலாம், காசு இல்ல'ன்னு எழுதிப் போடுங்க, படத்துக்குக் கீழ வெலையும் எழுதிருங்க, கேக்கக் கூச்சப்பட்டே நம்மாளு எறங்கிப் போயிருவான். சின்ன சைஸ் பிரிண்ட்டும் வைங்க. நம்ம மதுரைக்காரர் மனோகர் தேவதாஸ், பார்வை மங்க மங்க வரைஞ்ச மனுசன், அவரு கோட்டோவியமே வாழ்த்து அட்டையா வீடு வீடா போச்சு.

மொதோ கண்காட்சி உங்க படம் வேணாம் (கோவிச்சுக்காதீங்க). ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷக் கீழ வச்ச சினிமா பேனர் ஆர்ட்டிஸ்டுக நம்மூர் சந்துக்குள்ள இன்னும் இருக்காங்க, அவங்களத் தேடிப் போயி ஆளுக்கு ஒரு படம் வரைஞ்சு கேளுங்க, கூலியக் கையில குடுத்துட்டு கேளுங்க. மூணு தலைமுறையும் சேந்து வந்து மாடி ஏறும்.

அட்வான்ஸ் குடுக்க முன்னாடி செவுத்துல ஆணி அடிக்க விடுவாரான்னு ஹவுஸ் ஓனர்ட்ட கேட்டுக்கங்க, மழைக்கு ஓதம் ஏறுமான்னும் பாருங்க. ஓதம் ஏறுற செவுருன்னா கான்வாஸ் பூஞ்சை புடிச்சிரும், அந்த மாடி வேணாம், வேற பாருங்க.