வாடகைக்காரர் போக மறுக்கிறார், பூட்டை மாற்றலாமா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் உள்ள என் வீட்டை மாதம் 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஐந்து மாத வாடகை பாக்கி. நடுவில் பிப்ரவரியில் மட்டும் 500 வெள்ளி பேங்கில் போட்டார். கேட்டால், "ஆறு வருசமா இருக்கேன், என்னை அசைக்க முடியாது" என்கிறார். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றச் சொல்கிறான் என் தம்பி. செய்யலாமா?

பதில்: சகோதரி, பூட்டைத் தொடாதீர்கள். வீடு உங்களுடையதுதான், பாக்கியும் உண்மைதான். ஆனால் வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் உள்ளே இருந்தால், நீதிமன்றம் வழியாக மட்டுமே அவரை வெளியேற்ற முடியும் என்கிறது 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு. மீறினால் அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். அலமாரியில் வைத்த நகையைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்தால் இன்னும் தலைவலி. கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தும் யோசனையும் வேண்டாம். நீங்கள் போலீசுக்குப் போனாலும் "இது சிவில் கேஸ்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆறு வருடம் இருந்ததால் அவருக்குத் தனி உரிமை எதுவும் வந்துவிடாது. பினாங்கில் பலர் மனதில் ஜார்ஜ்டவுன் கடைவீட்டுக் காலத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கான அந்தச் சட்டம் 1997இல் ரத்தானது. 2000 பிறந்தபோது அதன் பாதுகாப்பும் முடிந்துவிட்டது.

எனக்குக் கவலை தருவது அந்த 500 வெள்ளிதான். ஒப்பந்தம் முடிந்த பிறகு வாடகையென்று பணம் வாங்கினால், "மாத வாடகைக்குத் தொடர ஒத்துக்கொண்டார்" என்று அவர் வக்கீல் வாதிடுவார். அது பழைய பாக்கிக்கு வரவு வைத்த பணம் என்று இன்றே வாட்ஸாப்பில் எழுதி அனுப்புங்கள். இனி எது வந்தாலும் அப்படியே செய்யுங்கள். "டெப்பாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். வீட்டில் சேதம் இருந்தால் அது தேவைப்படும்.

அப்புறம், ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டி ஸ்டாம்ப் குத்தியிருக்கிறதா? இல்லையென்றால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. அபராதம் கட்டியாவது குத்திவிடுங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ்: பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதி, ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாத வாடகை வாதத்துக்கு இடம் கொடுக்காமல் ஒரு முழு மாத அவகாசம் கொடுப்பதே நல்லது. அதற்குப் பிறகும் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் லா சட்டத்தின் 28(4) பிரிவின்படி இரட்டை வாடகை, அதாவது மாதம் 1,800 வெள்ளி கேட்கலாம். அதையும் நோட்டீசிலேயே சொல்லிவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு. சம்மன் அவரிடம் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாளுக்குள் அவர் ஆஜராவதாகத் தெரிவிக்காவிட்டால், விசாரணை இல்லாமலே தீர்ப்பு கேட்கலாம். எதிர்த்து வழக்காடினால் மாதக்கணக்கில் இழுக்கும். தீர்ப்பு வந்தாலும் நீங்களாகப் போய்ச் சாமானை வெளியே வைக்கக் கூடாது. பெய்லிஃப் எனப்படும் நீதிமன்ற அதிகாரி வந்துதான் வீட்டை ஒப்படைப்பார்.

டிஸ்ட்ரெஸ் வாரண்ட் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 12 மாதம் வரையிலான பாக்கிக்காகச் சாமானை ஜப்தி செய்து ஏலம் விடும் வழி அது. வீடு திரும்பாது. உடுதுணி, படுக்கையைத் தொட முடியாது. மிஞ்சும் பழைய சோபாவையும் டிவியையும் விற்று என்ன தேறும்? உங்கள் விஷயத்தில் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

நோட்டீஸ் போன கையோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள். வக்கீல் செலவையும் அலைச்சலையும் கணக்குப் போட்டால், குறித்த தேதியில் சாவியைக் கொடுத்தால் இரண்டு மாதப் பாக்கியைத் தள்ளுபடி செய்வது நஷ்டமில்லை. ஒத்துக்கொண்டால் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். சாவி வாங்கும் அன்று ஒவ்வோர் அறையையும் போட்டோ எடுத்து, மின்சார மீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டை அன்றைக்கு மாற்றலாம்.