ஏழு மணிக்குப் பின் அடுப்பு

அன்புள்ள ஐயா,

திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன்; வயது 54. இரவு எட்டு மணிக்கு மேல் உண்பதில்லை என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகே இதைக் கேட்கத் துணிந்தேன். என் மகன் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு ஒன்றரைக்கு முடிப்பான். ஏழு மணிக்கு மேல் வீட்டில் யாரும் உண்ணக்கூடாது என்று மூன்று மாதங்களுக்கு முன் விதி செய்துவிட்டான். நம் முன்னோர் எல்லோரும் விளக்கு வைக்குமுன் உண்டு முடித்தவர்கள் என்றும், அதற்குப் பின் உள்ளே போவதெல்லாம் கொழுப்பாகிவிடும் என்றும் சொல்கிறான். அவனுக்கு நான்கு கிலோ குறைந்திருப்பது உண்மை.

என் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வீடு வரப் பத்து மணி ஆகிவிடும். 27 ஆண்டுகளாக அவர் வந்த பிறகு இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். இப்போது நான் ஏழு மணிக்குத் தனியே சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு அவருக்குத் தோசை வார்க்கிறேன். ஏதோ தவறு செய்வது போல இருக்கிறது. மாமியாருக்கு வயது 78. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையைக் காலையிலும் இரவிலும் எடுத்துக்கொள்கிறார். பேரன் சொன்னான் என்பதற்காக அவரும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு டம்ளர் பால் மட்டும் குடிக்கிறார். அந்தப் பாலும் கூடாது என்கிறான் மகன். இதில் யார் சொல்வது சரி?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன். மற்றவர்களின் காரியம் ஒரு வாரம் காத்திருக்கலாம், அவருடையது காத்திருக்கக் கூடாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், உண்டாலும் உண்ணாவிட்டாலும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்துவிடலாம். பகலில் அப்படி ஆனால் வியர்வையையும் கை நடுக்கத்தையும் பேச்சுத் தடுமாற்றத்தையும் யாராவது பார்த்துவிடுவார்கள். இரவில், உறக்கத்தில், பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூட அது தெரியாமல் போகலாம். முதுமையில் சிறுநீரகம் தளரும்போது மருந்து உடலில் தங்கும் நேரமும் நீள்கிறது. ஆகவே இன்று இரவே அவருக்குப் பழைய நேரத்தில் பழைய அளவு உணவைக் கொடுங்கள். மாத்திரை அட்டையையும் இந்த மூன்று மாத வழக்கத்தையும் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றினால் உணவு நேரத்தை மாற்றலாம், மாற்றாதவரை கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கோ இது இன்னும் கூடுதல்.

இனி உங்கள் மகனைப் பற்றி. அவர் சொல்வதை அடியோடு தள்ளிவிட முடியாது. உடலுக்குள் கடிகாரம் இருக்கிறது என்பது இப்போது வெறும் உவமை அன்று. பழ ஈக்களின் உயிரணுக்களில் ஒரு நாளை அளக்கும் அந்தப் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்தகைய கடிகாரங்கள் நம் கல்லீரலிலும் கணையத்திலும்கூட ஓடுகின்றன. இருட்டிய பின், உறக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கும்போது இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. அதனால் காலையில் உண்ணும் அதே இட்லி இரவில் சர்க்கரையைச் சற்று அதிகமாகவே ஏற்றுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நலமுள்ள இருபது பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோரையும் இரவு பதினொரு மணிக்குப் படுக்கச் சொல்லி, ஒருமுறை மாலை ஆறு மணிக்கும் இன்னொருமுறை இரவு பத்து மணிக்கும் ஒரே உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து மணிக்கு உண்டபோது சர்க்கரையின் உச்சம் ஏறக்குறைய 18 விழுக்காடு கூடியிருந்தது. உடல் எரித்த கொழுப்பு ஏறக்குறைய 10 விழுக்காடு குறைந்திருந்தது. இதில் நான் கவனித்த செய்தி வேறொன்று: இந்தக் கேடு எல்லோருக்கும் ஒரே அளவில் நேரவில்லை. வழக்கமாகச் சீக்கிரம் படுப்பவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நேரம் கழித்து உண்டு, நேரம் கழித்து உறங்கிப் பழகியவர்களிடம் பெரிய வேறுபாடு தென்படவில்லை. உங்கள் மகனின் விதியில் விடுபட்டுப் போனது இதுதான். சுவரில் மாட்டிய கடிகாரம் ஏழு அடிப்பது எல்லோருக்கும் பொது; உடலில் இரவு தொடங்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறு.

எடை குறையும் என்ற வாதம் இதைவிட வலுக்குறைந்தது. ஒரு நாளின் உணவையெல்லாம் எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்கும் பழக்கம் இவ்வளவு பெயர் பெற்றதற்குக் காரணம், கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் சச்சிதானந்த பாண்டா குழுவினர் எலிகளை வைத்து 2012இல் வெளியிட்ட ஆய்வு. எந்நேரமும் தின்ன விடப்பட்ட எலிகள் தின்ற அதே அளவு கொழுப்புணவைத் தின்றபோதும், எட்டு மணி நேரம் மட்டும் தின்ன விடப்பட்ட எலிகள் பருக்கவில்லை. ஆனால் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே எடையில் கணிசமான பங்கை இழந்துவிடும் சிற்றுயிர் எலி. பதினாறு மணி நேரம் அதற்கு எவ்வளவு நீண்ட காலம் என்று எண்ணிப் பாருங்கள். மனிதரிடம் வந்தபோது விளைவு மங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 116 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பன்னிரண்டு வாரங்கள் நண்பகல் முதல் இரவு எட்டு வரை உண்ணச் சொல்லிப் பார்த்த சோதனையின் முடிவு 2020இல் வந்தது. மூன்று வேளை உண்டவர்களைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் இளைக்கவில்லை. சீனாவின் குவாங்சோவில் உடல் பருத்த 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே அளவாக உணவைக் குறைத்து, ஒரு பிரிவினரை மட்டும் காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் இடையில் உண்ணச் சொன்னார்கள். நேரம் பார்த்து உண்டவர்கள் சராசரியாக 8 கிலோவும், நேரம் பாராமல் உண்டவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள்; அந்த இடைவெளி தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியது என்பதே புள்ளியியல் தீர்ப்பு. இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஆய்வும் ஒன்று உண்டு. நீரிழிவின் வாசலில் இருந்த எட்டு ஆண்களைப் பிற்பகல் மூன்று மணிக்குள் அன்றைய கடைசி உணவை முடிக்க வைத்தபோது, எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் திறனும் இரத்த அழுத்தமும் சீர்பட்டன. பயன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நம்மில் யார் குடும்பம் நடத்த முடியும்?

என்னுடைய எட்டு மணிப் பழக்கத்தின் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அதைத் தொடங்கியபோது எனக்கும் மூன்று கிலோ குறைந்தது. உடற்கடிகாரத்தின் மகிமை என்று நண்பர்களிடம் பெருமையும் பேசினேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், நான் விட்டது இரவு உணவை அன்று. ஒன்பதரைக்குமேல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்ற மிக்சரையும் முறுக்கையும், அவற்றின் காரத்துக்கு மேல் வாயில் போட்டுக்கொண்ட இனிப்பையும்தான். உங்கள் மகன் குறைந்த நான்கு கிலோவில் எவ்வளவு மிக்சர், எவ்வளவு கடிகாரம் என்று அவரே பிரித்துப் பார்க்கட்டும். இன்று நான் எட்டு மணியைக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணம் எடை அன்று, நெஞ்செரிச்சல். உண்ட வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலே ஏறுகிறது. அந்தத் தொல்லை உள்ளவர்கள் கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் விடவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதில் எந்த மர்மமும் இல்லை. நான் பதினொரு மணிக்குப் படுக்கிறேன், ஆகவே எட்டு. ஒன்பதுக்குப் படுப்பவனாக இருந்தால் ஆறு என்று எழுதியிருப்பேன்.

முன்னோர் எல்லோரும் விளக்கு வைக்குமுன் உண்டார்கள் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எந்த முன்னோர் என்று கேட்க வேண்டும். என் பாட்டி நாள் முழுக்க நடவிலும் களையெடுப்பிலும் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்த பின் வீடு திரும்பி, தண்ணீர் சுமந்து, அதற்குப் பிறகு உலை வைத்தவர். அன்றைய நாளில் புதிதாகப் பொங்கும் சோறு அந்த ஒன்றுதான். காலையில் பழையது, நண்பகலில் மிஞ்சிய கஞ்சி, இரவில் சுடுசோறும் குழம்பும் என்பது கூலி வேலைக்குப் போன குடும்பங்களின் வழக்கம். பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள், எழுப்பி உட்காரவைத்து, பாதிக் கண்ணில் ஊட்டிவிட்டு மறுபடி படுக்கவைப்பார்கள் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்தால்தான் மறுநாள் பழையதே உண்டு. நம் மக்கள் இப்போது புகழ்ந்து தள்ளும் பழைய சோற்றின் தாய் அந்த இராச்சோறு. விளக்கு வைக்குமுன் உண்ணும் வழக்கத்தை விடாமல் காத்தவர்கள் என்று தமிழ்நாட்டில் நாம் உறுதியாகச் சுட்டக்கூடியவர்கள், வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்கள். அவர்களுடைய காரணமும் இடுப்புச் சுற்றளவு அன்று. விளக்கொளியைத் தேடி வரும் பூச்சிகளும் கண்ணுக்குப் படாத சிற்றுயிர்களும் உணவோடு மாளக்கூடாது என்ற கொல்லாமை அது. பகலெல்லாம் பட்டினி இருந்து பொழுது மறைந்த பின் வாய் திறக்கும் நோன்பும் நம் அண்டை வீடுகளில் உண்டு. மருந்து அதிகாரத்தில் உணவைப் பற்றி அத்தனை குறள்கள் எழுதிய வள்ளுவர்கூட நாழிகைக் கணக்கு எதுவும் கொடுக்கவில்லை. முன் உண்டது செரித்ததா என்று பார், ‘துவரப் பசித்து’ உண் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

உங்கள் கணவர் பத்து மணிக்கு வந்து உண்டு, பதினொன்றுக்குள் படுத்தால் அது நல்லதில்லைதான். ஆனால் கடையை ஏழு மணிக்கு மூடச் சொல்ல முடியாது. வேலை முடிந்த கொத்தனாரும் பிளம்பரும் மறுநாளைக்கு வேண்டிய சாமானை வாங்க வருவதே அந்த நேரத்தில்தான். அப்படிப்பட்ட கடைகளில் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு டீயும் பஜ்ஜியும் வரும். கடையின் பையனே வாங்கி வருவான். அங்கேதான் வழி இருக்கிறது. அந்தப் பஜ்ஜியை விட்டுவிட்டு, கூட்டம் சற்று ஓயும் ஏழரை எட்டு வாக்கில் கல்லாவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, நீங்கள் கொடுத்தனுப்பும் டப்பாவிலிருந்து இரண்டு சப்பாத்தியோ மூன்று இட்லியோ உண்ணட்டும். வீட்டுக்கு வந்த பின் மோரோ, ஒரு வாழைப்பழமோ போதும். முதல் இரண்டு வாரங்கள் தோசைக்கல்லைத் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை வார்த்துக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ஏதோ தவறு செய்வது போல இருக்கிறது என்ற அந்த வரி. நம் வீடுகளில் பெண்ணின் இரவு உணவு நேரத்தை இதுவரை எந்தக் கடிகாரமும் தீர்மானித்ததில்லை, கடைசியாக வீடு திரும்பும் ஆண்தான் தீர்மானித்திருக்கிறார். பள்ளிக்குப் போவதற்காக விடியற்காலையில் எழுந்து சமைக்கும் ஒருவர் இரவு பத்து மணி வரை பசியை அடக்கிக்கொண்டிருந்ததை அன்பின் கணக்கில் நாம் எழுதிவிட்டோம். இருபத்தேழு ஆண்டுக்குப் பின் உங்கள் வயிற்றுக்கென்று ஒரு நேரம் கிடைத்திருக்கிறது. மகன் வேறு காரணத்துக்காகக் கொடுத்ததாக இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். நாளின் பேச்செல்லாம் அந்தப் பத்து மணிச் சாப்பாட்டில்தான் நடந்தது என்றால், அவர் மோர் குடிக்கும்போது எதிரில் உட்காருங்கள். பேச்சுக்குத் தட்டு தேவையில்லை. அப்போது பசித்தால் மட்டும் ஏழு மணி உணவு போதவில்லை என்று பொருள். மறுநாள் கூட ஒரு கரண்டி சுண்டலோ பருப்போ சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஏழு மணி விதி அந்த வீட்டில் மிகப் பொருந்துவது அதைச் செய்தவருக்குத்தான். இரவுப்பணியைப் போன்ற சூழலை ஆய்வகத்தில் அமைத்துப் பத்தொன்பது பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இரவிலும் உண்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 விழுக்காடு ஏறியது. விழித்திருந்தபோதும் பகலில் மட்டுமே உண்டவர்களுக்கு ஏறவில்லை. ஒன்றரை மணி வரை விழித்திருக்கும் உங்கள் மகன் வேலைக்கு நடுவே எழுந்து ஏழு மணிக்கு உண்டு நிறுத்திக்கொள்வது நல்ல ஏற்பாடு. தன் பணிநேரத்துக்கு அமைந்த சட்டையைப் பாட்டிக்கும் அப்பாவுக்கும் மாட்டிவிடப் பார்க்கிறார், அவ்வளவே. பசியை மறக்க நள்ளிரவில் காப்பி குடிக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். குடித்தால், உணவில் சேமித்ததை உறக்கத்தில் இழக்கிறார்.

கடைசியாக அந்தப் பால். பால் உணவுதான், சர்க்கரை போட்டால் இன்னும் உணவு; இதில் உங்கள் மகனின் இலக்கணம் சரி. இருந்தாலும் மாமியாரின் பாலை நிறுத்த வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றாக அதைக் கொடுக்காமல், சாப்பாட்டுக்குப் பின் அவர் வழக்கமாகக் குடிக்கும் நேரத்தில், மருத்துவர் வேறு சொல்லும் வரை, அப்படியே கொடுத்து வாருங்கள்.