டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் அமைத்தும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நீங்காதது ஏன்?

ஒரு ஆப்-ஆம்ப்பையும் (பெருக்கி ஐ.சி.) நான்கு 10 கிலோ ஓம் மின்தடைகளையும் கொண்டு திருவிழா மைக் செட்டுக்கு டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர், அதாவது இரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று, செய்திருக்கிறீர்கள். டேட்டா ஷீட்டில் காமன் மோட் நீக்க விகிதம் (இரு கம்பிகளிலும் பொதுவாக ஏறும் மின்னழுத்தத்தை எவ்வளவு ஒதுக்குகிறது என்ற அளவு) 90 டெசிபெல் என்று இருந்தும் ஒலிபெருக்கியில் மின்சாரக் கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்பது ஏன் என்பது உங்கள் கேள்வி. அந்த 90 டெசிபெல் ஐ.சி.க்கு மட்டுமே உரியது. உங்கள் சுற்றின் திறனை நிர்ணயிப்பவை அந்த நான்கு மின்தடைகளே.

அவை 1 சதவீத வகை என்றால், பிழைகள் அனைத்தும் பாதகமான திசையில் சேரும்போது விகிதம் 50 மடங்கு, அதாவது 34 டெசிபெல்தான். எங்கள் மேலூர் வட்டாரத்தில் மைக் கம்பியையும் சீரியல் செட் விளக்குக் கம்பியையும் மந்தையிலிருந்து மேடை வரை ஒரே கம்பத்தில் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அதனால் இரு கம்பிகளிலும் பொதுவாக 1 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஏறியதாகக் கொண்டால், வெளியீட்டில் 20 மில்லிவோல்ட் இரைச்சல் எஞ்சும். மைக்கின் சமிக்ஞையோ சில மில்லிவோல்ட்தான். 0.1 சதவீத மின்தடைகளைப் போட்டால் அந்த இரைச்சல் 2 மில்லிவோல்ட்டாகக் குறையும்.

ஒரு கம்பியில் சமிக்ஞையும் மற்றொன்றில் அதன் தலைகீழ் வடிவமும் செல்வதால்தான் இரைச்சல் நீங்குகிறது என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. ஒரு கம்பியில் சமிக்ஞையே இல்லாவிட்டாலும், இரு கம்பிகளுக்கும் தரைக்கும் இடையிலான மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சமமாக இருக்கும்வரை, இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறி, கழித்தலில் மறையும். ஆகவே ஐ.சி.யை மாற்றுவதற்கு முன் கம்பியையும் இணைப்புகளையும் பாருங்கள். பச்சை பிடித்த ஒரு பிளக்கால் ஒரு கம்பியில் மட்டும் 100 ஓம் கூடினால், அது உங்கள் சுற்றில் ஒரு 10 கிலோ ஓம் மின்தடையை 1 சதவீதம் மாற்றியதற்குச் சமம். மற்றவை அனைத்தும் துல்லியமாக இருந்தாலும் விகிதம் 46 டெசிபெல்லைத் தாண்டாது.

இந்தக் குறைக்கு உண்மையான தீர்வு மூன்று ஆப்-ஆம்ப் கொண்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர்தான் என்பது என் உறுதியான கருத்து. அதன் உள்ளீட்டு மின்மறுப்பு மிக அதிகம் என்பதால் கம்பியில் கூடும் 100 ஓம் பொருட்படுத்தத் தக்கதன்று. மேலும், முதல் நிலை சமிக்ஞையை 100 மடங்கு பெருக்கும்போது காமன் மோட் மின்னழுத்தத்தைப் பெருக்காமல் அப்படியே விடுவதால், 40 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கிறது. உள்ளீடுகள் இரண்டிலிருந்தும் தரைக்குச் சமமான மின்தடைகளைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். பயாஸ் மின்னோட்டத்துக்கு, அதாவது ஆப்-ஆம்ப்பின் உள்ளீடுகளில் பாயும் சிறு மின்னோட்டத்துக்கு, திரும்பும் வழி வேண்டும்.

இப்போதைக்கு இருக்கும் சுற்றையே பயன்படுத்த விரும்பினால், மதுரை டவுன்ஹால் ரோட்டில் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் மின்தடைகளைச் சற்று அதிகமாக வாங்கி, மல்டிமீட்டரால் அளந்து, மிக நெருங்கிய மதிப்புள்ள நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஆப்-ஆம்ப்பின் பிளஸ் உள்ளீட்டிலிருந்து தரைக்குச் செல்லும் மின்தடையை மட்டும் 9.76 கிலோ ஓம்மும் 500 ஓம் ப்ரீசெட்டும் (திருகி மாற்றக்கூடிய மின்தடை) தொடராகச் சேர்ந்ததாக மாற்றுங்கள். பிறகு இரு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்து, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் கொடுத்து, வெளியீடு மிகக் குறையும் இடத்தில் ப்ரீசெட்டை நிறுத்துங்கள்.