வாவியில் கட்டும் பாய்ப்படகுக்கு தினமும் என்ன வேலை இருக்கும்?

கேள்வி: பழைய 24 அடி பைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கி மட்டக்களப்பு வாவியில் கட்டிவைத்து, பருவத்தில் பாசிக்குடா, திருகோணமலைவரை குடும்பமாகப் போய்வர யோசனை. தினமும் படகில் என்ன வேலை செய்ய வேண்டி வரும்?

பதில்:

தம்பி, உங்கள் கேள்விக்கு மற்றவர்கள் எழுதிய பதில்கள் எல்லாம் காற்றுக்கு எப்படிப் பாய் திருப்புவது என்றே போகின்றன. நீங்கள் கேட்டது அதுவல்ல. படகு கெடுவது ஓடும்போது அல்ல, கட்டிக் கிடக்கும்போதுதான். பின்னால் வெளியே தொங்கும் 8 குதிரைவலு அவுட்போட் எஞ்சின் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். உள்ளே டீசல் எஞ்சின் உள்ளவர்கள் "இது பொருந்தாது" என்று சண்டைக்கு வர வேண்டாம், அது வேறு கதை.

காலையில் தேத்தண்ணிக்கு முதல் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். கீழே தண்ணி நின்றால் விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்புங்கள். உப்பென்றால் வெளியிலிருந்து வருகிறது. உப்பில்லை என்றால் மழைத்தண்ணி, அல்லது குடிதண்ணித் தாங்கி ஒழுகுகிறது. ஆனால் மாரியில் வாவித் தண்ணியே உப்புக் குறைந்து போவதால் நாக்கு ஏமாற்றும். அந்த மாதங்களில் தண்ணி நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள். மழை பெய்யாத இரவில், தாங்கியும் ஒழுகாமல், கோட்டைத் தாண்டினால் ஓட்டை அடியில்தான். முதலில் பார்க்க வேண்டியது படகின் உடம்பைத் துளைத்துப் போகும் வால்வுகளை. கிழமைக்கு ஒருதரம் எல்லா வால்வையும் மூடித் திறக்க வேணும், இல்லையென்றால் தேவைப்படும் நேரத்தில் அசையாது. வால்வு உடைந்தால் ஓட்டையில் அடித்து அடைக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவான மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

எஞ்சினை ஓடிய அன்றே நல்ல தண்ணியில் கழுவ வேணும். எஞ்சினின் காலை (கீழ்ப்பகுதியை) பிளாஸ்டிக் பீப்பாவில் இறக்கி, தண்ணி உறிஞ்சும் வலைக்கண் மூழ்க நல்ல தண்ணி நிரப்பி, கியர் போடாமல் மெதுவாக 10 நிமிடம் ஓட விடுங்கள். பின்பக்கச் சிறு துவாரத்தால் தண்ணி பீய்ச்ச வேணும். சொட்டுச் சொட்டாக வந்தால் அந்தத் துவாரத்தில் உப்போ மண்ணோ அடைத்திருக்கும்; மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பெரும்பாலும் உள்ளே தண்ணி இறைக்கும் ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், தேய்ந்திருக்கும். நம்முடைய வாவியில் அடிமண்ணைக் கலக்கிக்கொண்டு ஓடுவதால் அதை வருடத்துக்கு ஒருதரம் மாற்றுவதே நல்லது. சில நாள் ஓடமாட்டீர்கள் என்றால் பெற்றோல் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். காபரேட்டரில் தங்கும் பெற்றோல் பிசினாகித் துளைகளை அடைக்கும். பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் 50க்கு 1 கலவை: லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி ஒயில், 10 லீற்றருக்கு 200. கண்மட்டில் ஊற்றாதீர்கள்.

கழுவுங்கள் என்று சொல்வது லேசு. தோணித்துறை கட்டுகிறார்கள், கல் பதிக்கிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள். ஒரு தண்ணிப் பைப் மட்டும் வைக்கமாட்டார்கள். கானில் தூக்கிக்கொண்டுதான் போக வேணும்.

கியர் ஒயிலையும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் காலையில் கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியைக் கொஞ்சம் தளர்த்தினால், உள்ளே தண்ணி இருந்தால் அதுதான் முதலில் வரும். ஒயில் பால் நிறமாக வந்தால் தண்ணி புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. பெரும்பாலும் காரணம் தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல். அறுந்த வலையும் தங்கூசியும் வாவியில் மிதக்கும். புறொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சீலை அறுக்கும். மாதம் ஒருதரம் புறொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் இது தப்பும். புது ஒயிலைக் கீழ் ஓட்டையால் ஏற்றுங்கள், மேல் ஓட்டையால் வழியும்வரை. மறுகா மேல் ஆணியை முதலில் பூட்டி, பிறகு கீழ் ஆணி. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபடும்.

எல்லாரும் பிழைவிடும் இடம் அனோட். அதாவது எஞ்சின் அரிக்காமல் தான் அரிபட்டுப் போகும் உலோகக் கட்டி. கடலுக்கென்று நாகக் (சிங்க்) கட்டி விற்பார்கள். உப்புக் குறைந்த தண்ணியில் நாகத்தின் மேல் ஒரு தோல் படிந்து அது வேலை செய்யாமல் போகும். கட்டி தேயவில்லை என்று சந்தோஷப்படுவீர்கள், எஞ்சினின் கால் அரிபடும். வாவியிலும் கடலிலும் மாறி மாறி நிற்கும் படகுக்கு அலுமினிய அனோட்தான். பாதி தேய்ந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ற் பூசாதீர்கள்.

பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளைப் பஞ்சால் தடவுங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு சிக்கும். சிக்கினால் அந்தக் கம்பியை மாற்றுவதுதான், ஒட்டுப் போடுவதில்லை. பாயில் துணியை முந்தித் தையல்நூல் வெயிலில் உக்கும், ஆகவே இறக்கியதும் உறை போட வேணும். நனைந்த பாயை மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நங்கூரக் கயிறு அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டைச் சுற்றி, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் விட்டோ இழுத்தோ இடம் மாற்றுங்கள். ஆழம் 3 மீற்றர், அணியம் தண்ணிக்கு மேல் 1 மீற்றர் என்றால் கயிறு 28 மீற்றர் விட வேணும், 7 மடங்கு. காஸ் சிலிண்டரைச் சமைத்ததும் சிலிண்டரிலேயே மூட வேணும். காஸ் காற்றைவிடப் பாரம், படகின் அடியில் போய்த் தங்கும். 12 வோல்ற் பற்றரி 12.2க்குக் கீழே இறங்கினால் லைற்றைக் குறையுங்கள்.

இன்னொன்று, வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் கோடையில் மணல் மூடும். கடலுக்குப் போகும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்காமல், அங்கு மீன்பிடித் தொழில் செய்பவர்களிடம் கேட்டுக் குறியுங்கள்.

வாடைக்கு முதல், ஐப்பசியிலேயே படகைக் கரையேற்றுங்கள். பற்றரியைக் கழற்றி, படங்கைக் காற்றுப் போகக் கட்டுங்கள். அடியில் தண்ணி வடியும் ஓட்டை இருந்தால் அதன் தக்கையைக் கழற்றி உங்கள் வீட்டுத் திறப்புக் கோர்வையில் மாட்டுங்கள். சித்திரையில் படகு இறக்கும்போது தக்கை போட மறப்பவர்கள் கொஞ்சப் பேரில்லை.