வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அண்ணே, சனிக்கிழமை மகளோடு வந்ததும் நீங்கள் முதலில் மேஜையில் வைத்தது அவளுடைய மார்க் ஷீட்டை அல்ல, காலடிப்பேட்டை வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸை. டெக்சாஸ் மச்சான் சொன்னாராம்: நாற்பது லட்சம் கடன் வாங்கி அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க அனுப்பு, ரெண்டே வருஷத்தில் அடைத்துவிடலாம் என்று. நானும் "பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அது தப்பு. அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

அந்தக் கடன் வேண்டாம். மச்சானுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் அவர் போன காலம் வேறு. தவணை கட்டப்போவதும் அவர் இல்லை. விசாவும் வேலையும் டாலர் மதிப்பும் நம் கையில் இல்லாதபோது குடியிருக்கிற ஒரே வீட்டை வங்கியில் வைக்கக் கூடாது.

உங்கள் மகள் கேட்பது வேறு. விமானத்திலும் ராக்கெட்டிலும் இருக்கும் கணினி தப்பு செய்யாமல், செய்தாலும் சமாளிக்கும்படி வடிவமைக்கும் ஆராய்ச்சி. விண்வெளிக் கதிர்வீச்சுத் துகள் ஒன்று சிப்பில் பட்டால் நினைவகத்தில் 0 ஆக இருக்கும் ஒரு பிட் 1 ஆகிவிடலாம். அதனால்தான் ஒரே கணக்கை மூன்று இடத்தில் போட்டு, இரண்டு ஒத்துப்போகும் விடையை எடுப்பார்கள்.

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 வினாடிக்குள் சிதறியதை அவள் சொன்னாளே, ஞாபகமிருக்கிறதா? ஏரியன் 4-க்கு எழுதிய மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டார்கள். 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் திணித்தபோது வழிந்துவிட்டது. மாற்றுக் கணினி இருந்தது, ஆனால் அதிலும் அதே மென்பொருள், அதே பிழை. "ஒரே டிரம் கெட்ட டீசலை ரெண்டு இன்ஜினுக்கும் ஊத்தின கதை" என்றீர்கள். காசிமேட்டில் முப்பது வருடம் போட் இன்ஜின் பார்த்தவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது! இந்தத் துறையில் இதைப் பொதுக்காரணப் பழுது என்பார்கள்.

இனி வழி. பி.இ. முடித்தவர் கேட் என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணோடு ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆராய்ச்சி எம்.எஸ். சேர்ந்து, நன்றாகச் செய்தால் பிஎச்.டி.க்கு மாறலாம். பிஎச்.டி. உதவித்தொகை முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. எம்.எஸ். கட்டத்தில் அதைவிடக் குறைவுதான், ஆனால் கடன் இல்லை. விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் கிண்டி. ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி என்ற கணினி ப்ராசஸர்களின் வழியில், இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிக்காகச் செய்த ஐரிஸ் சிப்பை 2025-இல் அறிவித்தார்கள். மொஹாலியில் தயாரானது. இவள் படிக்க விரும்புவது கிட்டத்தட்ட அதைத்தான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்குக் குறையாது. கட்டுரைகள் திரும்பி வரும். வழிகாட்டி சரியில்லை என்றால் நரகம், அதனால் கல்லூரிப் பெயரைவிட அவரிடம் ஏற்கெனவே படிக்கும் மாணவர்களைத் தனியாகப் பார்த்துப் பேசுவது முக்கியம். இஸ்ரோ வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சிப் வடிவமைப்பு, கார் எலக்ட்ரானிக்ஸ், ரயில் சிக்னல் எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு வேண்டும். வாத்தியார் வேலைதானே என்று சித்தி கேட்டதற்கு இதுதான் பதில். கல்யாண வயசு பற்றி அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அவளுடைய நோட்டைப் பார்த்தீர்களா? கல்லூரியில் இருக்கும் கணினி போர்டின் நினைவகத்தில் வேண்டுமென்றே ஒவ்வொரு பிட்டாக மாற்றிப் போட்டு, புரோகிராம் எங்கே தடுமாறுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

கேட் தேர்வு பிப்ரவரியில். இன்றிலிருந்து படிக்க ஆரம்பிக்கட்டும். மச்சான் போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள்.